துணை மாத்திரை

அக்காவும் தம்பியும் மட்டுமே இருந்த வீடு அது. எலக்ட்ரீஷியன் ஏணியை விரித்ததும் அக்கா அருகில் வந்து கிசுகிசுத்தாள்.

“ஃபேனுக்குள்ள மைக் வெச்சு நாங்க பேசறத யாரோ கேக்கறாங்கன்னு தம்பிக்குப் பயம். பல வருஷமா இப்படித்தான். கழட்டிக் காட்டிடுங்க. சிரிச்சுடாதீங்க, மனசு ஒடிஞ்சு போயிடுவான்.”

சோபாவில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான் தம்பி.

எலக்ட்ரீஷியன் ஃபேன் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். “பாருங்க சார், வயரைத் தவிர ஒண்ணுமே இல்ல.”

“அப்பாடா!” என்றான் தம்பி. அக்காவின் முகமும் தெளிந்தது.

“வாடா, மாத்திரை போட்டுக்கலாம்” என்று தண்ணீரோடு வந்தாள். ஆளுக்கொன்று விழுங்கினார்கள்.

“தனியாப் போட மாட்டான். அதான் துணைக்கு நானும் ஒரு சத்து மாத்திரை போட்டுக்கறேன்” என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சிரித்தாள்.

வழியனுப்ப வாசலுக்கு வந்த தம்பியைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது.

“கவலைப்படாதீங்க சார். இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைப்பாங்க?”

“உண்மைதாங்க.” தம்பி குரலைத் தணித்துக்கொண்டான். “அடுத்த மாசமும் வந்து கழட்டிக் காட்டுங்க. பயம் அவளுக்குத்தான். தனக்கு வியாதின்னா ஒத்துக்கவே மாட்டா, மருந்தைத் தொட மாட்டா. தம்பிக்குன்னா எதையும் செய்வா. அதான் டாக்டர்கிட்ட பேசி இப்படி ஒரு ஏற்பாடு. சத்து மாத்திரை என்னோடது.”

“வெயில்ல நிக்காதேடா, உனக்கு ஒத்துக்காது!” உள்ளேயிருந்து அக்காவின் குரல்.

“இதோ வந்துட்டேன்க்கா” என்றவன், மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனான்.