தந்தைவழி

"கோயிலிலை ஆரும் கேட்டால் தக்காளித் தோட்டத்திலை வேலை எண்டு சொல்லு, பிள்ளை," என்றார் தவராஜா. செடிகள் வளரும் கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்து அவர் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஹரிஷாவுக்கு அது பழகிவிட்டது. வின்டர்தூர் நகருக்கு வெளியே, மருந்துக்காகப் போதை ஏறாத கஞ்சா இனங்களைச் சட்டப்படி உருவாக்கும் அந்த நிறுவனத்தில் சேர்ந்ததிலிருந்தே அப்பாவுக்கு வெட்கம். 2018இல், இரண்டு வருடம் கெஞ்சிய பிறகுதான், பெற்றோர் பார்க்க வந்திருந்தார்கள்.

ஒரு செடியருகில் தவராஜா நின்றார். "இது ஆண். பிடுங்கிப் போடு, இல்லாட்டி மற்றதெல்லாம் விதை வைச்சிடும்."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"ரீவியிலை பாத்தனான்."

அம்மா கஜலக்சுமி சால்வையால் மூக்கைப் பொத்தினாள். "இந்தச் சனியனாலைதானே எங்கடை சச்சியண்ணை அழிஞ்சவர்."

அவளுடைய அண்ணன் சச்சிதானந்தனும் தவராஜாவும் 1986இல் வின்டர்தூர் அகதி விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். சச்சியின் கட்டிலுக்கடியில் பொலிசுக்குக் கஞ்சா விதை அகப்பட்டது. அவரைத் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் இறங்கியதும் ஆமி பிடித்து இரண்டு வருடம் அடைத்து வைத்திருந்தது.

"அப்பிடிப்பட்டவரின்ரை தங்கச்சி எண்டு ஒருத்தரும் என்னைக் கட்ட வரேல்லை," என்றாள் கஜலக்சுமி. "உன்ரை அப்பாதான் ஒரு சதம் சீதனம் வாங்காமல் கட்டினவர்." அண்ணனோடு அவள் கதைத்து முப்பது வருடமாகிறது.

ஹரிஷா மேசையில் ஒரு வரைபடத்தை விரித்தாள்.

"இது எங்கடை செடியின்ரை பரம்பரை. தாய்வழி ஆப்கானிஸ்தான், ஒல்லாந்து. தந்தைவழியிலை இந்தக் கட்டம் மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. போன கிழமைதான் இந்த இனத்தை முதல் வளர்த்தவரின்ரை பழைய கொப்பி கிடைச்சது."

அவள் வாசித்தாள்: "'1986. வின்டர்தூர் விடுதியில் இருந்த தமிழர் ஒருவர் ஒரு பிடி விதை தந்தார். பெயர் சொல்லவில்லை.'"

நிமிர்ந்தபோது அவள் கண்கள் மின்னின. "மாமாதானே அது! இந்தச் செடியின்ரை எண்ணெயாலை இண்டைக்கு எத்தினை நோயாளியள் நித்திரை கொள்ளுகினம் தெரியுமோ? இந்த இனத்துக்கு மாமாவின்ரை பேரை வைக்கப் போறம். அம்மா, இனியாவது அவரோடை கதையுங்கோ."

கஜலக்சுமி அந்தக் கட்டத்தை விரலால் தொட்டாள். பிறகு கைபேசியை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

"வவுனியா நம்பரை அடி. அண்ணையை மன்னிச்சிட்டன் எண்டு சொல்லப் போறன்."

மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது. தவராஜா எட்டிக் கைபேசியை வாங்கி அணைத்தார். மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மன்னிக்க அவன் ஒண்டும் செய்யேல்லை, கஜா. விதை என்ரை."