நீலாவதியின் கூடை

"நீலாவதி! இது கொழுந்தா, மாட்டுக்குப் போடுற தழையா?"

கங்காணி பக்கிரிசாமி கூடையைச் சாக்கின் மேல் கவிழ்த்தார். அத்தனையும் உள்ளங்கை அகலத்துக்கு முற்றின இலை. ஒரு கொழுந்துகூட இல்லை.

எழுபத்தெட்டு மார்ச், தேயிலைத் தோட்டத்தில் மத்தியான நிறுவை. வரிசையில் இருபத்தேழு பெண்கள். பத்தொன்பது வருஷமாக இரண்டு இலை, ஒரு கொழுந்துக்கு மேல் கிள்ளாதவள் நீலாவதி.

"இன்னைக்குத்தானே ஓசியில கண்ணாடி வாங்கிட்டு வந்தே? அதைப் போட்டுமா தெரியல?"

"அது எல்லாத்தையும் பெரிசாக் காட்டுது போல, கங்காணி!" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

காலையில் பக்கத்து ஊரான திரிங்காப்பிலிருந்து புத்த சங்கத்து வேன் வந்திருந்தது. இலவசமாகக் கண் சோதித்துக் கண்ணாடி கொடுக்கிறார்கள். லைன் வீட்டுப் பெரியவர்கள் எட்டுப் பேர், ஒன்பதாவது நீலாவதி. இடம் போதவில்லை என்று, வேனில் வந்த இரண்டு சீன அம்மாக்கள் இறங்கிக்கொண்டார்கள்.

"போய்ட்டு வா. மத்தியானத்துக்குப் பத்துக் கிலோ இல்லேன்னா அரைப் பேர் கிடையாது, அரைநாள் சம்பளம் போச்சு" என்று சொல்லித்தான் கங்காணி அனுப்பினார்.

பதினொன்றரைக்குத் திரும்பியபோது, சாலை வளைவில் அவள் விட்டுப்போன வெறுங்கூடை நிறைந்திருந்தது. மேலே சாக்குப் போட்டு மூடியிருந்தது. பக்கத்து நிரை பவளத்தின் வேலை என்று நினைத்து அப்படியே தூக்கி வந்துவிட்டாள்.

அடுத்தவளுக்குப் பறித்துக் கொடுத்தால் கொடுத்தவளுக்கும் அன்றையப் பேர் போகும். அதனால் வாயைத் திறக்காமல் பவளத்தைப் பார்த்தாள்.

"நான் இல்லக்கா" என்றாள் பவளம் மெதுவாக.

"கிராணி, இவ அரைப் பேரை அடிங்க."

கணக்கு எழுதும் கிராணி ராமையா பென்சிலை எடுத்தார்.

"கங்காணி! கோபம் வேண்டாம் லா!"

அந்த இரண்டு சீன அம்மாக்களும் சேற்றுப் பூட்ஸோடு மேடேறி வந்தார்கள். திரிங்காப்பில் கீரையும் கோசும் போடுகிறவர்கள். விரல் நுனியெல்லாம் கறை.

"நீலா கண்ணு பார்க்கப் போனா. நாங்க சும்மாதானே நின்னோம்? பறிச்சோம்." மூத்தவள் குவியலைப் பெருமையோடு காட்டினாள். "கீரை மாதிரி, பெரிய இலையாப் பார்த்துப் பார்த்துப் பறிச்சோம். குட்டி இலை ஒண்ணுகூடத் தொடலை. பாவம், அது வளரணும் லா. பாகூஸ்? நல்லா இருக்கா?"

வரிசையில் சிரிப்பு நின்றது.

ஒரு காம்பு கூடினாலும் பொறுக்கி எறிகிற பக்கிரிசாமி, குவியலைப் பார்த்தார். அந்த விரல்களைப் பார்த்தார்.

"பாகூஸ்" என்றார். "ரொம்ப நல்ல இலைம்மா."

நிறுத்தார்கள். பதினோரு கிலோ.

"கிராணி, அரைப் பேர் போடுங்க."

வேன் கிளம்பிப் போகும்வரை கையாட்டிக்கொண்டு நின்றார். பிறகு நீலாவதி பக்கம் திரும்பினார்.

"இதைக் கொண்டுபோய்ச் செடிக்கு அடியில கொட்டு. அவங்க பாவம் பார்த்து விட்டுட்டுப் போன குட்டி இலை அத்தனையும் சாயங்காலத்துக்குள்ள நீ பறிச்சாகணும். கண்ணாடியைப் போட்டுக்க."