வெயிலில் குளிர்

விடையை ஊட்டிவிடுகிற பழக்கமே அந்த டீச்சருக்குக் கிடையாது. "கேள்வி உங்களோடது. கவனிச்சுப் பார்த்து நீங்களே கண்டுபிடிங்க" என்பாள்.

எறும்பு தூங்குமா, நிழலுக்கு எடை உண்டா என்று ஆளுக்கொன்றைச் சொல்லிவிட்டு, மணியடித்ததும் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். முதல் பெஞ்சுப் பெண் மட்டும் நின்றாள்.

"உன் கேள்வி?"

"இந்த வெயில்லயும் ஒருத்தங்க ஏன் முழுக்கைச் சட்டை போடறாங்க, டீச்சர்?"

டீச்சர் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினாள். "அவங்களையே கேக்கறதுதானே?"

"கேட்டேன். குளிருதுன்னாங்க. கவனிச்சுப் பார்த்தேன். அப்பா கத்தின மறுநாள்தான் அவங்களுக்குக் குளிருது."

டீச்சர் தன் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் 'டீச்சர்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டில் அவள் போட்டிருந்த கட்டளை. மகள் முதன்முறையாக அதை மீறினாள்.

"விடை கிடைச்சிருச்சு. இனி என்ன செய்யறதுன்னு நீதான் சொல்லணும், அம்மா."