பூ வைக்கப் போன இடம்

அவள் தொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள்.

கல் பாவிய பாதை. எழுநூறு வருஷத்துக் கிராமம் என்றான் மகன் சேந்தன். எழுநூறு வருஷமாக இங்கே யாருக்கும் மூச்சு வாங்கவில்லையா? படியைக் கொஞ்சம் தாழ்வாக வைத்திருக்கலாம்.

மலையுச்சியில் தேவாலயம். அதை ஒட்டினாற்போல் எலோடியின் வீடு. சேந்தன் காதலிக்கும் பெண். இன்று அவளுக்குப் பூ வைத்துவிட்டால் கல்யாணம் உறுதி.

"வெறுங்கையோட போயிராத." விசா கிடைக்காத கணவர் நிலக்கோட்டையிலிருந்து போனில் சொல்லியிருந்தார்.

பிரான்ஸில் மல்லிகைக்கு எங்கே போவது? அந்தக் கவலையோடுதான் வந்தாள். ஆனால் அடிவாரத்துக் கடை வாசலில் தொட்டி தொட்டியாகச் செவ்வந்தி. அக்டோபர் கடைசி. தெருவே மஞ்சளாக இருந்தது.

நம் ஊர்ப் பூ. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. இருப்பதிலேயே பெரிய தொட்டியாகப் பார்த்து வாங்கினாள்.

"நல்லாருக்கும்மா" என்றான் சேந்தன். மூன்று வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறான். ஆய்வுக்கூடம் தவிர ஒரு மண்ணும் தெரியாது.

கோட்டை வாசலில் உட்கார்ந்திருந்த கிழவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார். எதிரே வந்த இரண்டு பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிட்டார்கள்.

என்ன மரியாதை! அவள் பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு எல்லாரையும் பார்த்துச் சிரித்தாள்.

எலோடியின் அம்மா கதவைத் திறந்தாள்.

சிரித்த முகம் தொட்டியைப் பார்த்தது.

சிரிப்பு நின்றது.

பின்னாலிருந்த எலோடி வாயைப் பொத்திக்கொண்டாள். சேந்தனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். அவன் முகம் வெளுத்தது.

"அம்மா... இங்க கல்லறைத் திருநாள் வருதாம். இது கல்லறையில வைக்கிற பூவாம். வீட்டுக்குக் கொண்டுவர மாட்டாங்களாம்."

அவளுக்குக் காது அடைத்தது.

நல்ல காரியத்துக்கு வந்து, வாசலில் சாவை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். கிழவர் தொப்பியைக் கழற்றியது அவளுக்காக இல்லை. சிரித்தாளே. வழிநெடுகச் சிரித்தாளே!

தொட்டியைக் கீழே வைக்கவும் பயம். பிடித்துக்கொண்டிருக்கவும் பயம்.

கெட்டது குடி.

எலோடியின் அம்மா உள்ளே திரும்பினாள். மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டாள். தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள். வா என்று தலையை அசைத்தாள்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு. உள்ளே கல்லறைகள்.

அவள் கால் நின்றுவிட்டது. அப்பாவைக் கொண்டுபோனபோதுகூடத் தெருமுனையோடு நின்றவள். மயானத்தை மிதித்ததே இல்லை.

எலோடியின் அம்மா தொட்டியை விடவில்லை. கூடவே போக வேண்டியதாயிற்று. சேந்தனும் எலோடியும் பின்னால் வந்தார்கள்.

எல்லாக் கல்லறைகளிலும் செவ்வந்தி. கடைசியில் ஒரு சின்னக் கல்லில் மட்டும் இன்னும் வைக்கவில்லை.

கல்லில் ஒரு குழந்தையின் படம். ஆறு வயது இருக்கும். எலோடியின் அதே நெற்றி.

"எலோடியோட அக்காவாம்." சேந்தன் கல்லைப் பார்த்தபடி சொன்னான். "என்கிட்டகூடச் சொன்னதில்லம்மா."

இரண்டு அம்மாக்களும் குனிந்து தொட்டியை இறக்கி வைத்தார்கள்.

எலோடியின் அம்மா உடனே நிமிரவில்லை. மஞ்சள் பூக்களைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்றைக் கிள்ளினாள். எலோடியைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள். சேந்தனிடம் ஏதோ கேட்டாள்.

"நீ எதுக்கு வந்திருக்கேன்னு எலோடி முன்னாடியே சொல்லிட்டாளாம். பூவ எந்தப் பக்கம் வைக்கணும்னு கேக்குறாங்கம்மா."

கல்லறைப் பூ. கல்யாணப் பெண்ணின் தலையில்.

நிலக்கோட்டையில் ஒருத்தரிடமும் வாயைத் திறக்க முடியாது. கணவரிடம் சொல்லவே முடியாது.

பூ அவளை நோக்கி நீண்டிருந்தது.

அவள் தன் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவினாள்.