பத்துமலைக்கு இல்லாத தாடி

"நாளைக்கு இந்தத் தாடியோட நீங்க ஹால்ல உக்காந்தா, நான் ரூம விட்டு வரமாட்டேன்." தங்கமணியின் குரல் பிரிக்பீல்ட்ஸ் பிளாட்டில் மேல்மாடிவரை கேட்டது.

"வேண்டுதல் தாடில கத்தி படக்கூடாது," என்றார் அவள் கணவர் கன்னையா.

தைப்பூசம் நெருங்குகிறது; பத்துமலைக்குத்தான் வளர்க்கிறார் என்று எதிர்வீட்டு இராஜம்மா நினைத்திருந்தாள். நன்றாகக் கேட்கட்டுமென்று, பெருக்கிய வாசலையே மறுபடியும் பெருக்கினாள்.

முருகனுக்கு இல்லையாம். போன ஜென்மத்தில் கன்னையா யூகோஸ்லாவியாவில் ராஜா கட்சிக் கெரில்லா ஆபிசர் என்று செந்தூல் சாமியாடி அருள்வாக்கு சொன்னாராம். ஜெர்மன்காரன் வந்ததும் ராஜா நாட்டைவிட்டு ஓடிவிட, இவர் மலையில் பதுங்கிச் சண்டை போட்டிருக்கிறார். ராஜா திரும்பும்வரை சவரம் இல்லை என்று சபதம். அது நிறைவேறுமுன் சொந்த நாட்டுக் கம்யூனிஸ்ட் படையே பிடித்துச் சுட்டுவிட்டதாம். அந்தக் குறைதான் மகள் ஷாமினியின் கல்யாணத்தைத் தடுக்கிறதாம்.

"நானும் போன்ல பாத்தேன். உங்க கெரில்லா ஆளுங்க ஊர் ஊரா எரிச்சிருக்காங்க. அதுக்குப் பரிகாரம் கிடையாது, தாடி மட்டும் புனிதமா?"

"தாடி வளத்த பிறகுதானே வரன் வந்துச்சு?"

"வந்த வரன் ஓடிரும். நாளைக்குக் கிள்ளான்லேர்ந்து தட்டு மாத்த வராங்க. தாடியோட நின்னா, பொண்டாட்டி முழுகாம இருக்கான்னுதான் நினைப்பாங்க. எனக்கு வயசு அம்பத்திநாலு."

இராஜம்மாவின் விளக்கமாறு நின்றது. உள்ளே ஷாமினி விசும்பினாள்.

"ராஜா வரட்டும், எடுக்கிறேன்," என்றார் கன்னையா.

தங்கமணி சோபாவின் நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நேத்து நானும் செந்தூல் சாமியாடிகிட்ட போனேன். யாரு அந்த ராஜான்னு கேட்டேன். நான்தானாம். வந்துட்டேன், போய் சவரம் பண்ணிட்டு வாங்க."

கன்னையா விறைப்பாக எழுந்து சல்யூட் அடித்ததை இராஜம்மா கம்பிக்கதவு வழியாகத் தன் கண்ணால் பார்த்தாள். அடுத்த நிமிடம் அவர் முடிவெட்டும் கடைக்கு இறங்கிவிட்டார்.

கல்யாணம் கிள்ளானில் ஜாம்ஜாமென்று நடந்தது. ஷாமினி மாப்பிள்ளையோடு லண்டனில் குடியேறினாள். அவள் பிரசவத்துக்கென்று போன தங்கமணி, பேரனுக்குப் பல் முளைத்த பிறகும் வந்தபாடில்லை.

பொறுக்கமுடியாமல் இராஜம்மா போன் போட்டாள். "எப்ப வரீங்க அக்கா? அண்ணே மறுபடியும் தாடி வளக்கிறாரு."

"ஓடிப்போன அந்த ராஜாவும் லண்டனுக்குத்தான் வந்தாரு," என்றாள் தங்கமணி. "திரும்பிப் போகவே இல்ல லா."