அம்மா வந்தால் எரியும் விளக்கு

அக்கம்பக்கத்தார் மூக்கைச் சுளிக்கக்கூடாதே என்றுதான் கிரேஸ்லின் வாசல் நிலைக்கு மேலே அந்த வாடைச்சூளையைப் பதித்தாள். மீன்வாடைக்குக் காரணமான அமீன் என்ற வேதிப்பொருள்களைக் காற்றோடு இழுத்து, சூட்டில் உடைத்து, மணமில்லாத காற்றாக வெளியே விடும் பெட்டி அது. வேலை செய்யும்போது செக்கச்செவேலென்று ஒளிரும். குளச்சல் சந்தையில் மீன் விற்கும் அம்மா பிலோமினாள் வரும்போது மட்டும்தான் அதற்கு வேலை.

"நான் காலு வச்சாலே லைட்டு எரியுதே. எனக்குன்னு வச்சதா மக்களே?" என்று முதல் நாளே மகளிடம் கேட்டாள் அம்மா.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டாள் கிரேஸ்லின்.

அம்மா அதைச் சந்தை முழுக்கச் சொன்னாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தோழி செலினுக்குக் காட்டவே கூட்டிவந்தாள். இருவரும் குளித்து, பவுடர் பூசி, கோவில் சேலையில் வந்திருந்தார்கள். ஒரு பொட்டு வாடை இல்லை.

"இப்ப பாரு செலினே, நான் உள்ள ஏறட்டு" என்று படிக்கட்டில் அம்மாவின் குரல் கேட்டது.

கிரேஸ்லின் அடுக்களைக்கு ஓடினாள். போனமுறை அம்மா கொடுத்து, பிரிக்காமலே ஒளித்துவைத்த கருவாட்டுப் பொதியைக் கிழித்து, முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பெட்டி சிவந்தது. அம்மாவின் முகத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"பாத்தியாட்டீ, எம்பிள்ள எனக்கு வச்சத" என்றாள் அம்மா.