ஆறு ரப்பர்

நாடு சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா ஆண்டில் வாங்கிய லோரிக்கு இருபத்தைந்து வயது. கேபினைத் தாங்கும் ஆறு ரப்பர்களும் தேய்ந்து, கேபின் ஆடியது.

புது ரப்பர்களை வாங்கிக் கொடுத்தும் கெலுகோர் பட்டறைக்காரர் சின்னையாவை லோரிக்காரர் விநாசித்தம்பி நம்பவில்லை. பழையதையே கழுவி மாட்டிவிட்டால்? பழைய ரப்பர் ஆறின் ஓரத்திலும் ரகசியமாகச் சிவப்புச் சாயத்தில் புள்ளி வைத்த பிறகே லோரியை ஒப்படைத்தார்.

மாலையில் வேலை முடிந்ததும் கேபினுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஆறிலும் சிவப்புப் புள்ளி.

“ஏமாத்திட்டியே, சின்னையா. எல்லாம் பழைய ரப்பர்தான்லா.”

சின்னையா ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். நசுங்கிப்போன ஆறு ரப்பர்கள் விழுந்தன. அவற்றிலும் சிவப்புப் புள்ளி.

“பழசுக்கெல்லாம் பொட்டு வெச்சிருந்தீங்க. உங்க வீட்டு வழக்கம்னு நெனச்சு, புதுசுக்கும் நானே வெச்சுட்டேன். சாமி படத்துக் குங்குமம்தான், அண்ணே.”